தொட்டி பாஷை பேசுவோர் இருவர்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணா,

நானும் அம்மாவும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய்? முழங்கை வலி குறைந்ததா? அங்கே குளிர் விட்டதா? எல்லாவற்றுக்கும் சேர்த்து "பரவாயில்லை" என்று ஒரே வார்த்தை எழுதுவாய், தெரியும். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

முதலில் அம்மா. கண் டாக்டர் கைவிரித்துவிட்டார். இனி வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியுமாம். இதுவரை உன் கடிதங்களைப் பூதக்கண்ணாடி வைத்தாவது அவளே படித்துக்கொண்டிருந்தாள். போன கடிதத்தை நான் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டுத் தாளைக் கையில் வாங்கித் தடவினாள். "எல்லாம் உன் குரல்லதானே வருது? அவன் குரல் எங்கடி?" என்றாள். "ஒரு தடவை போன்ல பேசச் சொல்லு. ரெண்டு வார்த்தை போதும்" என்றாள்.

இத்தனை வருஷம் போன் பண்ணு, போன் பண்ணு என்று நான் நச்சரித்ததெல்லாம் எனக்காக. இப்போது கேட்பது அவளுக்காக. எழுத்து அவளை விட்டுப் போய்விட்டது அண்ணா. குரல் ஒன்றுதான் மிச்சம்.

இரண்டாவது விஷயத்தைக் கேட்டுச் சிரிக்காதே. இந்த வயதில் நான் மாணவியாகிவிட்டேன். என் வீட்டுக்காரர் போன பிறகு, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் சாயங்காலம் என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதனால் கல்லூரியில் ஒலியியல் மாலை வகுப்பில் சேர்ந்தேன். வாயில் எந்த ஒலி எங்கே எப்படிப் பிறக்கிறது, அதை உலகத்தில் யார் பார்த்தாலும் அப்படியே சொல்லும்படி எந்தக் குறியால் எழுதுவது, இதுதான் பாடம். கடைசியில் ஒவ்வொருவரும் ஒரு மொழியின் ஒலிகளை விவரித்துக் கட்டுரை தர வேண்டும். யாரும் இதுவரை எழுதாத மொழியாக இருந்தால் உத்தமம் என்றார் டீச்சர். நான் எழுந்து நின்று "தொட்டி பாஷை" என்று சொல்லிவிட்டேன்.

ஞாபகம் இருக்கிறதா? மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து நாம் உண்டாக்கிய பாஷை. உனக்குப் பதின்மூன்று, எனக்கு ஆறு. டீச்சர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ஆக்கிய மொழியும் மொழிதான். எத்தனை பேர் பேசறாங்க?" என்றார். "ரெண்டு பேர். அதுல ஒருத்தர் பேசறதே இல்ல" என்றேன். வகுப்பே சிரித்தது. ஆனால் ஒரு விதி உண்டாம். அந்த மொழியைப் பேசும் இன்னொருவர் எல்லாச் சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே நீ தப்ப முடியாது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
வாயாடி

*

பிப்ரவரி 6

வாயாடிக்கு,

உன் கடிதம் வந்தது. நான் பரவாயில்லை. முழங்கையும் பரவாயில்லை. அம்மாவின் கண்ணைப் பற்றிப் படித்துவிட்டு இரண்டு நாள் கடிதத்தை மேஜையிலேயே கவிழ்த்து வைத்திருந்தேன்.

போன் பற்றிக் கேட்டிருக்கிறாய். இந்தக் கட்டடத்தில் கீழே இருக்கும் போன் கெட்டுக் கிடக்கிறது. கைபேசி எனக்குச் சரிப்படவில்லை. வேலை செய்யும் இடத்திலோ காது கேட்காது. எங்கள் சலவைக்கூடத்துக்கு நீ வந்து பார்த்ததில்லையே. ஆஸ்பத்திரியின் அத்தனை படுக்கை விரிப்பும் இங்கேதான் வருகின்றன. ஆள் நுழையும் அளவுக்கு உருளைகள் சுற்றிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்பவனிடம் எதுவும் சொல்ல வேண்டுமானால் கைஜாடைதான். விரிப்பின் இரு முனையை நான் பிடிக்க, இரு முனையை எதிரே நிற்பவன் பிடிக்க, தேய்ப்பு உருளைக்குள் விடுவோம். பத்தொன்பது வருஷமாக எதிரே நிற்கிறான். அவன் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என் குரல் அவனுக்கும் தெரியாது. எனக்கு இது பிடித்திருக்கிறது.

தொட்டி பாஷை எல்லாம் மறந்திருக்கும் என்று நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்ததும் படியேறும்போது ஒரு வார்த்தை தானாக வந்தது. பட்டியலை அனுப்பு. பார்க்கிறேன்.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல். படித்துக் காட்டும்போது உன் குரலைக் கொஞ்சம் தாழ்த்திப் படி.

அண்ணன்

*

பிப்ரவரி 25

அன்புள்ள அண்ணா,

இங்கே இருவரும் நலம். உன் நலத்தை "பரவாயில்லை" என்று அறிந்தேன், மகிழ்ச்சி.

குரலைத் தாழ்த்திப் படித்தேன். "தொண்டை கட்டியிருக்கா?" என்று கேட்டு எனக்கு மிளகு கஷாயம் போட்டுத் தரச் சமையலறைக்குத் தடவிக்கொண்டு போய்விட்டாள். உன் யோசனை லட்சணம் இப்படி இருக்கிறது.

வகுப்பு வேடிக்கையாக இருக்கிறது. தொண்டையில் கை வைத்து "ஸ்ஸ்" என்றால் அதிராது, "ழ்" என்றால் அதிரும். உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு சொன்னால், மூச்சு வெளியே வருகிற ஒலிக்குக் காகிதம் ஆடும். ஓய்வு பெற்ற வங்கிக்காரர், இரண்டு நர்ஸ்கள், நான், எல்லோரும் காகிதத்தை வைத்துக்கொண்டு "ப்பூ, ப்பூ" என்று ஊதிக்கொண்டிருந்தோம். காவலாளி எட்டிப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று போய்விட்டார்.

பட்டியல் இத்துடன் இருக்கிறது. ஞாபகம் வந்தவரை எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒலிக்குறி. "ஹயூலே", தண்ணீர். "ஹிவரு", வா. "ஹாரியா", சாப்பிட்டாயா. "ஹிலோயி", அப்பா வருகிறார், கலைந்துவிடு (ஒரே வார்த்தைக்குள் இவ்வளவையும் அடக்கினோமே, எந்த மொழிக்கு உண்டு இந்தச் சிக்கனம்!). "ஹிழைய", பொறு. நீ அடிக்கடி சொல்வாய் அதை. குறியில் எழுதினால் [hiɻaija]. நடுவில் வரும் அந்தத் தலைகீழ் எழுத்து நம் ழகரம். அதற்கென்று உலகம் ஒரு குறி வைத்திருப்பதைப் பார்த்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மாவைப் பற்றி ஒரு புகார். பல மாதமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ராங் நம்பர் வருகிறது. எடுத்தால் யாரும் பேசுவதில்லை. நான் எடுத்தால் இரண்டு ஹலோ சொல்லி வைத்துவிடுவேன். அம்மா எடுத்தால் வைப்பதில்லை. பால்காரர் வராதது, பக்கத்து வீட்டில் வெள்ளையடிப்பது, எனக்கு முட்டி வீங்கியது, எல்லாவற்றையும் ஒப்பிக்கிறாள். "யாருன்னே தெரியாதவன்கிட்ட வீட்டு விவகாரத்தைச் சொல்லாதம்மா, திருடனா இருந்தா?" என்றேன். "திருடனா இருந்தா எதுக்குக் காசு செலவழிச்சு என் முட்டிக்கதையக் கேக்கறான்? பாவம், அந்த வீட்ல எப்பப் பாத்தாலும் ஏதோ மெஷின் ஓடிக்கிட்டே இருக்கு" என்கிறாள். இவளை என்ன செய்வது சொல்.

பட்டியலை வாய்விட்டுச் சொல்லிப் பார். போனும் பண்ணு.

வாயாடி

*

மார்ச் 20

வாயாடிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

பட்டியலை வாய்விட்டுப் படித்தேன். அதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அறை உனக்குத் தெரியாது. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டடத்தின் சுவர். அந்தச் சுவரில் ஒரு குழாய் இறங்குகிறது. மேலே யாராவது குளித்தால் அந்தக் குழாய் பேசும். மற்றபடி இந்த அறையில் பேச்சு கிடையாது. சில லீவு நாட்களில் தொண்டை இன்னும் இருக்கிறதா என்று இருமிப் பார்த்துக்கொள்வேன். உன் பட்டியலை எடுத்து ஜன்னல் பக்கம் நின்று முதல் வார்த்தையைச் சொன்னேன். பிறகு அடுத்தது. கடைசி வரை போனேன். திரும்ப முதலிலிருந்து வந்தேன். பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டினார். நான் இங்கே குடிவந்த பிறகு அவர் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை. விருந்தாளி யாராவது வந்திருக்கிறார்களா என்று சைகையில் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

எல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறாய். ஒன்றைத் தவிர. "ஹிழைய" என்றால் பொறு என்று அர்த்தம் இல்லை. "இரு, நான் இன்னும் முடிக்கவில்லை" என்று அர்த்தம். திருத்திக்கொள்.

போன் இன்னும் சரி செய்யவில்லை. இங்கும் அங்கும் நேர வித்தியாசம் வேறு. நான் ஓய்வாக இருக்கும்போது அம்மா தூங்குவாள்.

அந்த ராங் நம்பர்காரன் திருடனாக இருக்க மாட்டான். அம்மா பேசினால் பேசட்டும், தடுக்காதே.

அண்ணன்

*

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம். அம்மா சுவரைப் பிடிக்காமல் வாசல் வரை நடக்கப் பழகிவிட்டாள். நீ ஓய்வாக இருக்கும்போது அம்மா தூங்குவாள் என்ற உன் சாக்குப்போக்கைப் படித்துக் காட்டினேன். "நான் எங்கடி தூங்கறேன்?" என்றாள். பதில் சொல்லு.

உன் அறையைப் பற்றி நீ எழுதியதை அவளுக்குப் படிக்கவில்லை. இருமிப் பார்ப்பதாவது! என்ன பிழைப்பு அண்ணா இது?

கட்டுரை விஷயத்துக்கு வருகிறேன். ஒலி அட்டவணை என்று ஒன்று போட வேண்டும். குறுக்கே உதட்டிலிருந்து தொண்டை வரை இடங்கள், நெடுக்கே ஒலி பிறக்கும் விதங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மொழியில் இருக்கும் ஒலியின் குறி. நம்முடையதைப் போட்டேன். ய, ர, ல, வ, ழ, ள ஆறும் உட்கார்ந்தன. தொண்டைப் பக்கம் ஹ. அத்தோடு சரி. மற்ற கட்டமெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. க இல்லை, ச இல்லை, ட, த, ப இல்லை. ம, ந கூட இல்லை. வருஷா வருஷம் வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பிள்ளைகளைக் கத்த வைக்கிறேன். நம் பாஷையில் இடையினம் மட்டும்தான் இருக்கிறது! இதை நாற்பது வருஷமாக நான் கவனித்ததே இல்லை.

டீச்சர் நெற்றியைச் சுருக்கினார். "குழந்தைங்க உண்டாக்கின மொழின்னா ம, ப ரெண்டும் முதல்ல வந்திருக்கணுமே. வாய் முழுசா அடைபடற ஒரு ஒலி கூட இல்ல. யாரோ யோசிச்சுத் தவிர்த்த மாதிரி இருக்கே" என்றார். காரணத்தைக் கட்டுரையில் எழுதச் சொல்கிறார். எனக்கென்ன தெரியும்? நான் ஆறு வயசுக்காரி, நீ சொன்னதைச் சொன்னேன். சொற்களைச் செய்தவன் நீ. ஏன் இப்படி வைத்தாய்?

இன்னொன்று. அம்மா என்பதற்கு வார்த்தையே காணோமே. நாம் வைக்கவில்லையா, நான் மறந்துவிட்டேனா?

சீக்கிரம் எழுது.

வாயாடி

*

மே 14

அன்புள்ள அண்ணா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன்.

காரணத்தை நீ சொல்ல வேண்டாம். எனக்குத் தெரிந்துவிட்டது.

போன வாரம் வகுப்பில் என் பட்டியலைப் படித்துக் காட்டச் சொன்னார் டீச்சர். காகிதத் துண்டை உதட்டு முன்னால் பிடித்துக்கொண்டு படித்தேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் காகிதம் முதலில் ஆடுகிறது, பிறகுதான் குரல் வருகிறது. எல்லாமே மூச்சில் தொடங்குகின்றன. ஒன்று கூட விலக்கில்லை. டீச்சர் படிப்பதை நிறுத்தச் சொன்னார். "இதைச் செஞ்சது உங்க அண்ணன்தானே? அவருக்குத் திக்குமா?" என்றார். சின்ன வயதில் திக்கியது, பிறகு டாக்டர் கொடுத்த டானிக்கில் சரியாகிவிட்டது என்று சொன்னேன். அம்மா ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டாளே, அந்தச் சிவப்பு டானிக். டீச்சர் சொன்னார், "டானிக்ல போற விஷயம் இல்லம்மா அது. முதல்ல மூச்சை விட்டுட்டு அது மேல சொல்லை வைக்கணும், வாய் அடைபடற ஒலியை மெதுவா தொடணும், இப்படித்தான் பயிற்சி கொடுப்பாங்க. பதிமூணு வயசுல யாரும் சொல்லித் தராம இதைக் கண்டுபிடிச்சிருக்கார்."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

உனக்குச் சரியானது பதின்மூன்று வயதில் என்றுதானே எல்லோரும் சொல்வோம். அந்த வயதில்தான் நீ பேசுவதை நிறுத்தினாய். அதைச் சரியானது என்று நினைத்துக்கொண்டோம். அப்பா ஞாபகம் வந்தது. நீ ஒரு வாக்கியத்தைத் தொடங்கும்போதெல்லாம் அவர் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்ப்பார். திட்டமாட்டார், அடிக்கமாட்டார். கடிகாரத்தை மட்டும் பார்ப்பார். நீ முடிக்காமலேயே போய்விடுவாய். தொட்டிக்குப் பின்னால் வந்ததும் "ஹிழைய" என்பாய். நான் விளையாட்டு என்று நினைத்துக் காத்திருப்பேன். அப்பா இறந்தபோது நீ வந்து யாரிடமும் பேசாமல் சுவரோரம் நின்றாய். தலைக்கனம் என்றார்கள் சொந்தக்காரர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் யாருடையது என்பதும் தெரிந்துவிட்டது. மெஷின் ஓடும் வீடு. நான் ஹலோ ஹலோ என்று இரண்டு தடவை கத்திவிட்டுப் பட்டென்று வைத்தேனே அண்ணா.

பேசு. எப்படி வருகிறதோ அப்படிப் பேசு. அம்மா ரெண்டு வார்த்தைதானே கேட்டாள்.

வாயாடி

*

ஜூன் 10

அண்ணா,

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போன் நின்றுவிட்டது. என் கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும் என்று நான் கணக்குப் போட்ட வாரத்திலிருந்து வரவே இல்லை. அம்மா காலையில் தலை வாரிக்கொண்டு போன் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறாள். மத்தியானம் வரை எழுந்திருப்பதில்லை. தட்டைக் கையில் கொடுத்தால் அங்கேயே சாப்பிடுகிறாள்.

போன ஞாயிறு என் பக்கம் முகத்தைத் திருப்பி, "அவனுக்கு என்னடி எழுதின?" என்று கேட்டாள்.

"யாருக்கு?" என்றேன்.

"நடிக்காத. என் ராங் நம்பருக்கு."

"உனக்கு எப்பம்மா தெரியும்?" என்றேன்.

"முதல் நாளே தெரியும். மூச்சு தெரியாதா எனக்கு? பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உள்ள இழுத்து நிறுத்துவானே, அது தெரியாதா? அந்த டானிக்க அவன் சிங்க்ல ஊத்தினதும் தெரியும். சிங்க் பூரா சிவப்பா இருந்துச்சு. சரி, குடிச்ச மாதிரி இருக்கட்டும், அவங்கப்பா அவனைச் சும்மா விடுவாருன்னு விட்டேன்."

அப்படியானால் ஏன் என்னிடம் போன் பண்ணச் சொல்லச் சொன்னாய் என்று கேட்டேன். "கேட்டாத்தானே அவனுக்குத் தெரியும், நான் கேட்க ஆசைப்படறேன்னு" என்றாள். பிறகு, "பேசாட்டிப் போறான். அந்த மூச்சாவது வந்துக்கிட்டு இருந்துச்சு. அதையும் நிறுத்திட்டியே" என்றாள்.

அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை. வீட்டில் இரண்டு பேர், அதில் ஒருத்தி கோபம். உன் அறை எப்படி இருக்கும் என்று இப்போது எனக்கு நன்றாகவே தெரிகிறது. நான் கண்டுபிடித்ததை வாயை மூடிக்கொண்டு வைத்திருக்கலாம். வாயாடி என்று சும்மாவா பெயர் வைத்தாய்?

பேச வேண்டாம் அண்ணா. பழையபடி பண்ணு, போதும்.

*

ஜூலை 1

வாயாடிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கவலைப்படாதே. உன்மேல் கோபமும் இல்லை.

மே மாதக் கடிதம் வந்த பிறகு வந்த முதல் ஞாயிறு சலவைக்கூடத்துப் போன் வரை போனேன். எண்ணைச் சுழற்றப் போய், வைத்துவிட்டேன். இத்தனை நாளும் போன் செய்தது ஒரு ராங் நம்பர். அவன் பேச வேண்டியதில்லை. அம்மா பேசுவாள், அவன் கேட்பான். வெள்ளையடித்த செய்தி, பால்காரர் செய்தி எல்லாம் கேட்டுவிட்டு வந்து விரிப்பைப் பிடிப்பான். அந்த வாரம் முழுக்க அவனுக்கு அது போதும். இப்போது போன் செய்வது யார் என்று உங்களுக்குத் தெரியும். பேசாமல் இருந்தால் நான் பேசவில்லை என்றாகிவிடும். அதுதான் முடியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், கட்டுரைக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள். எனக்கு க, த, ப எல்லாம் சுவர். ம-வும் சுவர்தான், உதட்டை மூடினால் திறக்காது. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லும் தொண்டையிலேயே மாட்டிக்கொள்ளும். பள்ளியில் வருகைக்குப் பெயர் கூப்பிடும்போது என் பெயருக்கு நான் பதில் சொல்ல முடியாமல் கையை மட்டும் தூக்கியிருக்கிறேன். கடையில் எனக்கு எது வேண்டுமோ அதைக் கேட்டதில்லை, வாயில் எது வருமோ அதைக் கேட்டு வாங்கி வருவேன். ஒருநாள் மாடியில் தனியாக உட்கார்ந்து பெருமூச்சு விட்டேன். அந்த மூச்சின் கடைசியில் ஒரு ஓசை தானாக வந்தது, தடுக்கவில்லை. அதிலிருந்துதான் பாஷை. சுவர் இல்லாத ஒலிகளை மட்டும் பொறுக்கி எடுத்தேன். பேச ஒரு ஆள் வேண்டும். வீட்டில் கடிகாரம் பார்க்கத் தெரியாத ஆள் நீ ஒருத்திதான் இருந்தாய். ஆறு வயது.

அம்மாவுக்கு வார்த்தை வைத்தோமா என்று கேட்டாய். நீ மறக்கவில்லை. நான் வைக்கவில்லை. பல தடவை யோசித்தேன். வேறு எந்த ஒலியைப் போட்டாலும் அது அம்மாவாக இல்லை. அந்த ம் வேண்டியிருந்தது. அது என்னிடம் இல்லை.

டானிக் விஷயம் அம்மாவுக்குத் தெரியும் என்பதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். எதிரே விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவன் பயந்துவிட்டான்.

ஞாயிறு வரட்டும். பண்ணுகிறேன் என்று எழுதமாட்டேன். எழுதிவிட்டால் இன்னும் கஷ்டமாகிவிடும்.

அண்ணன்

*

ஜூலை 23

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம். இந்த வாரம் உண்மையாகவே நலம்.

உன் பக்கத்தில் நடந்தது உனக்குத் தெரியும். இந்தப் பக்கம் நடந்ததை நான் எழுதி வைக்கிறேன். ஒலியியல் மாணவி இல்லையா, கேட்டதைக் கேட்டபடி எழுதப் பழகியிருக்கிறேன்.

மணி அடித்ததும் அம்மா எடுத்தாள். ஹலோ சொல்லவில்லை. காதில் வைத்துக்கொண்டு இருந்தாள். நான் பக்கத்தில் குனிந்து காதை ஒட்டிக்கொண்டேன். மெஷின் ஓடியது. நீ மூச்சை இழுத்து நிறுத்தினாய். தொண்டை அடைபட்டது. எங்கள் வகுப்பில் அதற்கும் ஒரு குறி உண்டு, கேள்விக்குறியின் கீழ்ப்புள்ளியை எடுத்துவிட்ட மாதிரி இருக்கும். ஒன்றும் கேட்காவிட்டாலும் அது ஒரு ஒலி, அதையும் எழுத வேண்டும் என்பார் டீச்சர். எழுதினால் இப்படி வரும்: [ʔ]. மறுபடி [ʔ]. மறுபடி [ʔ]. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இல்லாவிட்டால் உனக்குப் பதிலாக நான் சொல்லித் தொலைத்திருப்பேன்.

பிறகு "ஹிழைய" என்றாய். மிகத் தெளிவாக.

அம்மா போனைக் கொஞ்சம் விலக்கி, "என்னடி சொல்றான்?" என்று என்னைக் கேட்டாள். "இரு, நான் இன்னும் முடிக்கலன்னு சொல்றான்மா" என்றேன்.

அவள் போனுக்குள் சொன்னது உனக்கும் கேட்டிருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன். "நீ நிதானமா சொல்லுப்பா. எனக்குத்தான் கண்ணு தெரியலையே, கடிகாரத்த எங்க பாக்கப் போறேன்?"

அண்ணா, அப்பா கடிகாரம் பார்த்ததெல்லாம் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நானும் பார்க்கவில்லை. முதலில் மூச்சு மட்டும் வந்தது. நீளமாக, மாடியில் விட்ட பெருமூச்சு மாதிரி. அதன் கடைசியில் வந்தது: [hamːaː]. ஹம்மா.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "ஹம்மாவா? இது நல்லா இருக்கே" என்று சிரித்தாள். பிறகு உடனே முட்டி வீக்கத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள். நான்தான் சமையலறைக்குள் போய் நின்று அழுதேன்.

கட்டுரையைச் சுத்தமாக எழுதி ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். அட்டவணையில் உதட்டுக் கட்டத்தில் ஒரு ம சேர்த்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் "சரிபார்த்தவர்" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன் வாயாடி

*

ஆகஸ்ட் 12

வாயாடிக்கு,

நலம். முழங்கை வலிக்கிறது, குளிர் இன்னும் வரவில்லை, தூக்கம் சுமார். பரவாயில்லை என்று எழுதவில்லை, கவனித்தாயா?

இங்கே எதுவும் மாறிவிடவில்லை. அதே சுவர், அதே குழாய். ஞாயிறு தவிர மற்ற நாட்கள் மிக நீளமாகத்தான் இருக்கின்றன. வாரம் முழுக்க ஒரு வாக்கியத்தைத் தயார் செய்கிறேன். போனில் அதில் பாதிதான் வெளியே வருகிறது. மீதிப் பாதியை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்கிறேன். விரிப்பின் எதிர்முனைக்காரனிடம் நேற்று மெஷின் நின்றிருந்த நேரத்தில் அவன் பெயரைக் கேட்டேன். சொன்னான். தொடக்கமே ப. சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. அவன் விரிப்பைப் பிடித்தபடியே நின்றான். கடைசியில் வந்தது.

கட்டுரையைக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். முதல் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது, அதைத் திருத்தாமல் கொடுத்துவிடாதே.

போன ஞாயிறு நீ கடைக்குப் போயிருந்தாய். அம்மா மட்டும்தான் இருந்தாள். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. சரி, வைக்கிறேன் என்பதற்கு நான் மூச்சை எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து அம்மா "ஹிழைய" என்றாள். ழகரம் சுத்தமாக வந்தது. சொல்லிவிட்டு ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. இருவரும் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தோம்.

பேசுவோர் இருவர் என்று எழுதியிருக்கிறாய். மூவர் என்று திருத்து.

அண்ணன்